வாடும் தோரணம்

முல்லையும் வாயிலும் சேர்ந்து அமைந்தது எங்கள் ஊரின் பெயர். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள திருமுல்லைவாயிலில், மாசிலாமணீசுவரர் கோயிலின் தலமரமும் முல்லையே. என் இளமையில், போகியன்று விடியுமுன் அம்மா என்னை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வார். வெண்பஞ்சுக் கதிர்களாய்ப் பூத்த பூளையையும், மஞ்சள் கொத்தாய் மலர்ந்த ஆவிரையையும் பறிப்போம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுள் இவ்விரண்டும் உண்டு எனக் கல்லூரியில் படித்தபோது, அந்த ஏரிக்கரையே என் கண்முன் விரிந்தது.

வீடு திரும்பியதும் தோரணம் கட்டத் தொடங்குவோம். நான் தென்னோலையைக் கிழித்து ஈர்க்கு எடுப்பேன். அம்மா மாவிலையின் காம்புப் பகுதியைக் கயிற்றின்மேல் மடித்து, ஈர்க்குத் துண்டால் தைப்பார். "கொழுந்தைப் பறிக்காதே, அது மரத்துக்கு. முற்றிய இலை நமக்குப் போதும்" என்பார். பூளை, ஆவிரை, வேப்பிலை மூன்றையும் கொத்தாக்கி வாயில்நிலையின் மேல் செருகுவார்.

நான் ஆசிரியப் பணியேற்றுப் புதுவீடு கட்டியபின், நேரமில்லை என்று ஓராண்டு நெகிழித் தோரணம் வாங்கி மாட்டினேன். அம்மா அதைத் தடவிப் பார்த்தார். "அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், வாடாத இலைக்கு நல்ல நாள் எது, மற்ற நாள் எது என்று எப்படித் தெரியும்?" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

அவ்வாண்டு ஐப்பசியில் அம்மா மறைந்தார். உறவினர் அழுதபடி நுழைந்த வாயிலில், பொங்கலுக்கு மாட்டிய தோரணம் பச்சை மாறாமல் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் அதைக் கழற்றியபோதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

துக்கத்தால் அடுத்த பொங்கலை நாங்கள் கொண்டாடவில்லை. மறுஆண்டுப் போகியன்று தனியே புறப்பட்டேன். பூளை பூத்த இடங்களில் வீடுகள் எழுந்திருந்தன. தொடர்வண்டிப் பாதையோரம் சிறிது கிடைத்தது. முதல் ஐந்து மாவிலைகள் கிழிந்தன; ஈர்க்கு விரலில் குத்தியது. ஆறாவது இலை நின்றது. அண்டை வீட்டுச் சிறுவன் வந்தமர்ந்து ஈர்க்கு எடுத்துத் தந்தான்.

சில நாள்களில் இலைகள் சுருண்டன. கழற்றிச் செடிகளின் அடியில் இட்டேன். வாடுவதால்தான் மீண்டும் கட்டுகிறோம். மீண்டும் கட்டுவதால்தான் கைப்பழக்கம் அடுத்தவர் கைக்குச் செல்கிறது.

இன்று அச்சிறுவன் என்னைவிட விரைவாகத் தைக்கிறான். சென்ற போகியன்று அவன் தன் தங்கையிடம் சொல்வதைக் கேட்டேன்: "கொழுந்தைப் பறிக்காதே, அது மரத்துக்கு."