பிந்தி வந்த கடிதங்கள்

(பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர்)

கொல்லிமலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித்தான் வியந்து பேசுவார்கள். ஏறி வருகிறவர்களுக்கு அவை வேடிக்கை. மலையிலே பிறந்த எங்களுக்கோ அவை பிரிவின் படிகள். வேலை தேடியும் படிப்புத் தேடியும் எங்கள் உற்றார் உறவினர் இறங்கிச் செல்வது அவ்வழியேதான். என் உயிர்த்தோழியும் ஒரு நாள் அவ்வழியே இறங்கிச் சென்றாள்.

முதல் வகுப்பிலிருந்தே நாங்கள் இணைபிரியாதவர்கள். பள்ளிக்குப் பின்புறமுள்ள பலாமரத்தடியே எங்கள் இரகசிய மாளிகை. எட்டாம் வகுப்பில், பள்ளி ஆண்டு விழாவுக்கு வல்வில் ஓரி நாடகம் போட முடிவாயிற்று. ஒரே அம்பினால் பல விலங்குகளை வீழ்த்திய எங்கள் மலைத் தலைவனாக நடிக்க இருவருமே ஆசைப்பட்டோம். வேடம் அவளுக்குக் கிடைத்தது. எனக்குப் பொறாமை. பத்து நாட்கள் அவளோடு பேசவில்லை. அதற்குள் அவளுடைய பெற்றோர் திருப்பூருக்கு வேலைக்குப் போக முடிவு செய்து அவளையும் அழைத்துக்கொண்டார்கள். விடைபெறப் பள்ளிக்கு வந்தவள் என்னைத் தேடினாள். நானோ பலாமரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். “நாளை பேசிக் கொள்ளலாம்” என்று நினைத்தேனே தவிர, அவளுக்கு அங்கே நாளை இல்லை என்பதை நினைக்கவில்லை.

கடந்த கோடை விடுமுறையில் நாமக்கல்லில் அத்தை வீட்டுக்குச் சென்றிருந்தேன். அத்தை மகள் ஒரு ஜப்பானியத் தொடரைக் கணினியில் போட்டுக் காட்டினாள். ‘அனிமே’ என்று சொல்லப்படும் சித்திரத் தொடர் அது. 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் பெயர் ‘அனோஹானா’, பகுதிகள் பதினொன்றே. கதையை எழுதியவர் ஒகாடா மாரி என்ற பெண்மணி. “சித்திரப்படம் சின்னப்பிள்ளைகளுக்குத்தானே!” என்று அலட்சியமாக உட்கார்ந்த நான், கடைசிப் பகுதி முடிந்தபோது தேம்பி அழுதுகொண்டிருந்தேன்.

எங்களூரைப் போலவே மலைகள் சூழ்ந்த சிச்சிபு என்னும் ஊரில் நடக்கிறது கதை. காட்டுக்குள் ஒரு குடிசையை இரகசிய இடமாக வைத்து ஆறு சிறுவர் சிறுமியர் விளையாடி வருகிறார்கள். ஒரு நாள் ஜிந்தா என்ற சிறுவன், வெட்கத்தினால் மென்மா என்ற சிறுமியைப் பற்றித் தகாத சொல் ஒன்றைச் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறான். நாளை மன்னிப்புக் கேட்கலாம் என்று எண்ணுகிறான். அன்றே அவள் ஆற்றில் விழுந்து இறந்து போகிறாள். மற்ற ஐவரும் பேச்சற்றுப் பிரிகிறார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் மென்மா அவன் கண்ணுக்கு மட்டும் தோன்றி, தன் ஆசை ஒன்றை நிறைவேற்றும்படி கேட்கிறாள். அது என்னவென்பது அவளுக்கே நினைவில்லை! அதைத் தேடும் முயற்சியில் ஐவரும் மீண்டும் கூடுகிறார்கள். ஒவ்வொருவரும் தம் நெஞ்சில் மறைத்த குற்றத்தைச் சொல்லி அழுகிறார்கள். இறுதியில் மென்மா ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் எழுதி வைக்கிறாள். கண்ணாமூச்சி விளையாட்டில் ஒளிந்தவளைக் கண்டுபிடிப்பதுபோல எல்லாரும் அவளை ஒரு கணம் காண்கிறார்கள். பிறகு அவள் மறைந்து விடுகிறாள்.

என் நெஞ்சில் முள் தைத்தது. அக்கதையில் இறந்தவள் ஒளிந்தாள். இங்கேயோ உயிரோடு இருக்கும் நானல்லவா ஒளிந்துகொண்டேன்!

விடுமுறை முடிந்து திரும்பியதும் எங்கள் அருட்சகோதரி ஒருவரிடம் இதைச் சொன்னேன். “கடிதத்தின் அருமை இந்த மலைக்கே தெரியும்” என்று சொல்லி, பால் பிராண்டு என்ற மருத்துவரின் வரலாற்றைக் கூறினார். ஜெஸ்ஸி பிராண்டு, ஈவ்லின் என்னும் ஆங்கிலேய மிஷனரித் தம்பதியரின் மகனாக 1914-இல் இங்கே பிறந்தவர் அவர். நம் மலைப் பிள்ளைகளைப் போலவே மரமேறி வளர்ந்தவர். 1923-இல், ஒன்பது வயதில், படிப்புக்காக அவரையும் தங்கையையும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்கள். பிள்ளைகளை உறவினரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு தந்தையும் மகனும் சந்திக்கவே இல்லை. 1929-இல் கொடிய காய்ச்சலில் தந்தை காலமானார். தந்தி உடனே போய்ச் சேர்ந்தது. கப்பலில் வந்த கடிதங்களோ பிந்தித்தான் வந்தன. இறந்துவிட்ட தந்தையின் கையெழுத்து, மரங்களையும் மலையையும் பற்றிய அன்பு மொழிகளோடு, வாரக்கணக்கில் மகன் கைக்கு வந்துகொண்டே இருந்ததாம்!

அந்த மகன் 1946-இல் இந்தியா திரும்பி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்று, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்தார். தாயாரோ முதுமையிலும் மலைமக்களுக்கே பணியாற்றி, 1974-இல் 95-ஆம் வயதில் மறைந்து, தம் கணவருக்கு அருகிலேயே இம்மலையில் துயில்கிறார்.

அன்றிரவே நான் பேனாவை எடுத்தேன். தோழி வீட்டுத் தொலைபேசி எண் மாறியிருந்தது. ஊரிலிருந்த அவளுடைய பாட்டியிடம் முகவரி வாங்கிக்கொண்டு, பொறாமைப்பட்டதையும் ஒளிந்துகொண்டதையும் மறைக்காமல் எழுதினேன். செம்மேட்டில் அதைத் தபாலில் சேர்த்தபோது என் கை நடுங்கியது. “மூன்று ஆண்டுகள் கழித்து எழுதுகிறேனே, கிழித்துப் போட்டுவிட்டால்?” என்று அஞ்சினேன்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. பனியன் கம்பெனி வேலை, வாடகை வீடு, தம்பியின் படிப்பு என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். பள்ளியை விட்டு ஓராண்டு ஆகிறதாம். அந்த வரியை நான் பலமுறை படித்தேன். கடிதத்தின் அடியில் இப்படி எழுதியிருந்தாள்: “மரத்துக்குப் பின்னால் உன் இரட்டைப் பின்னல் தெரிந்ததே! நான் கையசைத்தேன். நீ பார்க்கவில்லையா?”

அவள் என்னை அன்றே கண்டுபிடித்துவிட்டாள். எனக்குத்தான் மூன்று ஆண்டுகள் ஆயின.

அன்புத் தோழியரே! இவ்வாண்டும் நம்மில் பலர் இப்பள்ளியை விட்டுப் பிரிவோம். பிரிவை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் பேசாமல் பிரிவதைத் தடுக்கலாம். உங்களோடு பேசாதிருக்கும் தோழி யாராவது இருந்தால், நாளை வரை காத்திராதீர்கள். அவள் இப்போது அடுத்த வகுப்பறையில்தான் இருப்பாள்.