வாசலில் நின்ற திருடன்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. அம்மாவைப் பார்க்க மதுரைக்குப் போயிருந்தேன். பத்து மணிக்குள் பக்கத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். கட்டுரை இருப்பதோ சென்னை ஆபீஸ் சர்வரில்.

லேப்டாப்பிலிருந்து நுழையப் பார்த்தால், 'உங்கள் பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது, மாற்றவும்' என்றது. மாற்றத் தயார். ஆனால் உள்ளே விட்டால்தானே? வாசலிலேயே ஆளைச் சோதிக்கிற ஏற்பாடு அது. பாஸ்வேர்டு மாற்றும் இடமோ வீட்டுக்குள்ளே. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதை!

டியூட்டியில் இருந்த சிஸ்டம்ஸ் தம்பிக்கு போன் போட்டேன். பதற்றத்தில் பழைய பாஸ்வேர்டைக்கூட ஒப்பித்துவிட்டேன். புதுசு போட்டுக் கொடுத்தார். நுழைந்தேன். நடுவில் நெட் போச்சு. மறுபடி வந்தால், 'உங்கள் கணக்கு பூட்டப்பட்டுள்ளது.' திறந்துவிட்டார். கால் மணி நேரத்தில் மறுபடி பூட்டு. மூன்றாவது தடவை கத்திவிட்டேன். "விளையாடறியா? வேலை தெரிஞ்சவங்க யாராவது இருந்தா போனைக் குடு!"

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

தம்பி நிதானமாகக் கேட்டார். "சார், உங்க பேர்ல யாரோ தப்பான பாஸ்வேர்டைப் போட்டுக்கிட்டே இருக்காங்க. ஆபீஸ் மெயிலை செல்போன்ல வெச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தேன். என் சட்டைப்பையில் இருந்தபடியே அந்த விசுவாசி, பழைய பாஸ்வேர்டைச் சொல்லிச் சொல்லி சர்வர் கதவைத் தட்டியிருக்கிறது. ஐந்து தடவை தப்பினால் திருடன் என்று பூட்டிக்கொள்வது எங்கள் சர்வரின் வழக்கம். திருடன் வேறு யாருமில்லை, நான்தான். போனில் புது பாஸ்வேர்டைப் போட்டதும் சரியாகிவிட்டது. பக்கம் பத்தே முக்காலுக்குப் போனது.

இப்படி அடிக்கடி மாற்றச் சொல்லும் வழக்கம் பரவ முக்கிய காரணமான அமெரிக்க அரசு வழிகாட்டியை 2003-ல் எழுதியவர் பில் பர். 2017-ல், 'நான் எழுதியதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துகிறேன்' என்று பத்திரிகையில் ஒப்புக்கொண்டார். திருடு போன அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்று அதே வருஷம் வழிகாட்டியே மாறியது. 2019-ல் மைக்ரோசாஃப்டும் தன் பரிந்துரைப் பட்டியலிலிருந்து காலாவதியைத் தூக்கியது.

காரணம் எளிது. கட்டாயப்படுத்தினால் ஜனங்கள் புதுசாக யோசிப்பதில்லை; கடைசி நம்பரை மட்டும் ஒன்று கூட்டுவார்கள். என்னுடையது அப்போது 17-ல் நின்றது. பி.காம். படித்தவன், வரிசை எண் தப்புமா?

மறுநாள் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். தப்பு என் பையில் இருந்தது, திட்டு வாங்கியது அவர்.

"அதை விடுங்க சார்" என்று சிரித்தார். "திரும்ப மாத்தினப்போ, கடைசியில 18-தானே போட்டீங்க?"

பதில் சொல்லாமல் போனை வைத்தேன். காபி குடிப்பதற்கு முன் மாற்றிவிட்டேன்.