கடிபட்டவன் எங்கே பார்த்தான்?



"ஐயா, இந்தப் பாவத்திலிருந்து என்னால் வெளியே வர முடியவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாச் சபைகளிலும் உண்டு. பாவத்தின் பெயர் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குக் குடி; ஒருவருக்கு நள்ளிரவில் கைப்பேசியில் பார்க்கும் அசுத்தம்; இன்னொருவருக்கு மருமகளைக் கண்டாலே நாவில் ஊறும் கசப்பு. கேள்வி மாத்திரம் ஒன்றுதான்: இதை எப்படி விடுவது? அதற்கு முன்பாகக் கேட்கவேண்டிய வேறொரு கேள்வியை இந்த வாரம் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன். போராடுகிற நேரத்தில் உங்கள் கண் எங்கே இருக்கிறது?

எண்ணாகமம் 21-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மன்னாவை வெறுத்து முறுமுறுத்த இஸ்ரவேலரின் நடுவே கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் வந்தன, அநேகர் மடிந்தார்கள். ஜனங்கள் மோசேயிடம் வந்து தங்கள் பாவத்தை அறிக்கையிட்டார்கள். பின்பு, பாம்புகள் தங்களைவிட்டு நீங்கும்படி விண்ணப்பம்பண்ணச் சொன்னார்கள். நாமும் அப்படித்தான் ஜெபிக்கிறோம்: ஆண்டவரே, இந்தச் சோதனையை என்னைவிட்டு எடுத்துப்போடும். ஆனால் கர்த்தர் கொடுத்த பதிலைக் கவனியுங்கள். பாம்புகள் அகன்றுபோயின என்று அந்தப் பகுதியில் ஒரு வரியும் இல்லை. சர்ப்பத்தின் உருவத்தைச் செய்து கம்பத்தின்மேல் உயர்த்தும்படி மோசேக்குக் கட்டளை வந்தது. கடிபட்டவன் அதை நோக்கிப் பார்க்கவேண்டும், பார்த்தால் பிழைப்பான்.

பாம்பு கடித்த மனிதனுடைய கண் இயல்பாக எங்கே போகும்? கடிவாயைப் பார்ப்பான். வீக்கம் ஏறுகிறதா என்று பார்ப்பான். கடித்தது எந்தப் புதருக்குள் போயிற்று என்று தேடுவான். காலடியில் இன்னும் பாம்புகள் நெளிந்துகொண்டிருக்கையில், தலையை நிமிர்த்திப் பார் என்று சொன்னால் அது பைத்தியமாகவே தோன்றியிருக்கும். தேவன் கேட்டது அதைத்தான்.

நிக்கொதேமுவோடு பேசிய இரவில் ஆண்டவர் இந்தச் சம்பவத்தைத் தம்முடைய சிலுவைக்கு முன்னடையாளமாக எடுத்துக்காட்டினார். இதில் என் மனதை நெடுநாளாகப் பிடித்துவைத்திருக்கும் விவரம் ஒன்று உண்டு. கம்பத்தின்மேல் இருந்தது எது? அவர்களைக் கடித்ததின் உருவமே. சிலுவையை மாத்திரம் நோக்கச் சொன்னால் ஜனங்கள் பாவத்தை இலேசாக எண்ணிவிடுவார்கள் என்று பயப்படுகிற ஊழியர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் தேவையற்றது. நம்முடைய பாவம் எவ்வளவு கோரமானது என்பதைக் கல்வாரியில் பார்க்கிற அளவுக்கு வேறெங்கும் பார்க்க முடியாது. அங்கே அது ஆக்கினைக்குட்படுத்தப்பட்டதாய்த் தொங்குகிறது. நமக்குள்ளே தோண்டிப் பார்க்கும்போதோ, அது இன்னும் உயிரோடு நம்மை நோக்கிச் சீறுகிறது.

ஒரு சகோதரரைப்பற்றிச் சொல்லுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் சொல்லமாட்டேன். குடியை விட்டுவிடத் தீர்மானித்தவர் அவர். வீட்டுச் சுவரில் தேதிக்கு ஒரு வசனம் அச்சிட்ட நாட்காட்டி தொங்கியது. குடிக்காத ஒவ்வொரு நாளையும் அதில் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டு அடித்துவந்தார். 41 நாட்கள் அப்படிக் கழிந்தன. 42-ஆம் நாள் விழுந்தார். அதன்பிறகு மூன்று மாதம் ஆராதனைக்கு வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அவர் சொன்னது: "மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டுமே, ஐயா, அதற்குத் தெம்பில்லை." அந்த 41 நாட்களும் என்ன ஜெபித்தீர்கள் என்று கேட்டேன். குடியைப்பற்றித்தான் என்றார். காலையில் குடியைப்பற்றி, மாலையில் குடியைப்பற்றி, படுக்கப்போகும்போதும் குடியைப்பற்றி. அத்தனை நாளும் மது அவர் வாயில் படவில்லை. ஆனால் அவருடைய நினைவில் அது ஒருமணி நேரமாவது இல்லாதிருந்ததில்லை. நாட்காட்டியிலிருந்த வசனங்களில் ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அவரை முதலாவது மருத்துவரிடம் அனுப்பினோம். நெடுநாள் குடித்த சரீரம் அதைத் திடீரென்று நிறுத்தும்போது ஆபத்துக்குள்ளாகக்கூடும். அதற்கு மருத்துவ உதவி தேடுவதை யாரும் அவிசுவாசமாக எண்ணவேண்டாம். பின்பு ஒரு சிறிய ஆலோசனை சொன்னேன். மாற்குவின் சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள் இருக்கின்றன. வேலை முடிந்து கால்கள் மதுக்கடையை நாடும் அந்த மாலைவேளையில், நாளுக்கு ஓர் அதிகாரம் வாசியுங்கள். ஜெபிக்கத் தொடங்கும்போது முதலாவது, அன்றைக்கு வாசித்ததில் ஆண்டவர் என்ன செய்தார், யாரைத் தொட்டார், யாரிடத்தில் மனதுருகினார் என்பதை அவரிடமே சொல்லுங்கள். உங்கள் போராட்டத்தை அதன்பிறகு சொல்லுங்கள். வேறு வழியாய் வீட்டுக்குப் போங்கள் என்றும் சொன்னேன். பார்வை முக்கியம் என்பதற்காகக் கால்களை மறந்துவிட முடியாதே.

அவர் அதற்குப்பிறகு விழவில்லை என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாயிருக்கும். இரண்டு முறை விழுந்தார். இரண்டு முறையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆலயத்தில் இருந்தார். மூன்று மாதம் என்பது மூன்று நாளாய்க் குறைந்ததை நான் அற்பமாக எண்ணவில்லை.

இந்த வரிசையைப் பவுல் கொலோசெயருக்கு எழுதின நிருபத்திலும் காணலாம். தொடாதே, ருசிபாராதே என்கிற விதமான கட்டளைகளைப்பற்றி 2-ஆம் அதிகாரத்தின் முடிவில் அப்போஸ்தலன் பேசுகிறார். அவை ஞானம்போலத் தோன்றும், சரீரத்தை ஒடுக்கும், ஆனால் மாம்சத்தின் இச்சையை அடக்க அவற்றுக்கு வல்லமை இல்லை என்பது அவருடைய தீர்ப்பு. 3-ஆம் அதிகாரம் தொடங்கும்போது, கிறிஸ்து வீற்றிருக்கும் இடத்துக்கு நம் சிந்தையைத் திருப்புகிறார். நான்கு வசனங்கள் அப்படியே போகின்றன. 5-ஆம் வசனத்தில்தான் அசுத்தத்தையும் பொருளாசையையும் அழித்துப்போடும்படியான கண்டிப்பான கட்டளை வருகிறது. நாமோ முதல் நான்கு வசனங்களைத் தாண்டி நேரே ஐந்தாவதில் இறங்கிவிடுகிறோம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் எடுக்கிற தீர்மானங்கள் பொங்கல் வரைக்குங்கூடத் தாக்குப்பிடிக்காததற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அப்படியானால் போராட வேண்டாமா? போராடத்தான் வேண்டும். எபிரெயர் 12-ஆம் அதிகாரம் இயேசுவை நோக்கச் சொல்வது ஓட்டக்களத்தில் ஓடிக்கொண்டிருக்கிறவனுக்கு. பாரத்தையும் பாவத்தையும் தள்ளிவிட்டு ஓடுகிறவனுக்கு அது சொல்லப்பட்டது. சாய்வு நாற்காலியில் இருக்கிறவனுக்கல்ல. "நோக்கி" என்பதற்கு அங்கே மூலபாஷையில் வரும் கிரேக்கச் சொல், மற்றவற்றிலிருந்து பார்வையை எடுத்து ஒன்றின்மேல் பதிப்பதைக் குறிக்கும். எடுப்பதும் பதிப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. எடுப்பதை மாத்திரம் தனியாகச் செய்ய முயன்றவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு கடினம் என்று.

வெண்கலச் சர்ப்பத்தின் கதை வனாந்தரத்தோடு முடியவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டதை 2 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டிக்கொண்டிருந்தார்களாம்! தேவனே செய்யச் சொன்ன பொருள், தேவனுடைய இடத்தைப் பிடித்துக்கொண்டது. உபவாசம், லெந்து கால ஒறுத்தல், கைப்பேசியில் போடும் பூட்டு, விழிப்போடு விசாரிக்கும் நண்பர், இவையெல்லாம் நல்லவை. பலருக்கு நானே பரிந்துரைக்கிறேன். ஆயினும், "நான் இத்தனை நாள் உபவாசித்தேன்" என்பது ஒருவருடைய நம்பிக்கையாகும்போது அங்கே தூபத்தின் வாசனை வரத் தொடங்கிவிட்டது. இப்படிப்பட்ட வெற்றியோடு வருகிற பெருமை பழைய பாவத்தைக்காட்டிலும் குணமாக்கக் கடினமானது. குடியை விட்டுவிட்டு, குடிக்கிற தம்பியைத் தன் வீட்டு வாசற்படி ஏறவிடாத அண்ணன்மாரை நான் அறிவேன்.

விழுந்துபோய்க் கிடக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவில் இரண்டு சீஷர்கள் விழுந்தார்கள். யூதாஸ் தன் பாவத்தைச் சரியாகவே கண்டான். குற்றமில்லாதவரைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டு அறிக்கை செய்தான். முப்பது வெள்ளிக்காசையும் திரும்பக் கொண்டுபோனான். மனஸ்தாபம், அறிக்கை, ஈடுசெய்தல், எல்லாம் இருந்தன. ஆனால் அவன் அவற்றைக் கொண்டுபோனது பிரதான ஆசாரியரிடத்தில். அவர்கள் அது தங்களுக்குச் சம்பந்தமில்லாத காரியம் என்று கைவிரித்தார்கள். பின்பு அவனுக்குப் பார்க்க வேறெவரும் இருக்கவில்லை. பேதுரு மறுதலித்ததோ மூன்று முறை, சபித்து, சத்தியம்பண்ணி. சேவல் கூவினபோது கர்த்தர் திரும்பி அவனைப் பார்த்தார் என்று லூக்கா எழுதுகிறார். பேதுரு நிமிர்ந்து பார்க்கும் முன்னமே அவன் பார்க்கப்பட்டான். அதற்கும் முன்னே, விழுவதற்கு முன்பே, அவனுக்காக வேண்டுதல் செய்யப்பட்டிருந்தது. பிற்பாடு திபேரியா கடலில், கரையில் நிற்கிறவர் கர்த்தர் என்று கேட்ட மாத்திரத்தில் படகு கரைசேரும்வரை பொறுக்காமல் தண்ணீரில் குதித்தவன் அவன்தான். மறுதலித்தவன் விலகியல்லவா நீந்தியிருக்க வேண்டும்!

வருகிற ஞாயிறு நமக்குத் திருவிருந்து ஆராதனை. தங்களுக்குத் தகுதியில்லை என்று சொல்லி, ஆராதனை பாதியிலேயே எழுந்துபோகிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டேன். 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்திலுள்ள எச்சரிப்பு உங்களைப் பயமுறுத்துகிறது என்று அறிவேன். அந்த எச்சரிப்பு மெய்யானது. நான் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் 28-ஆம் வசனத்தை வீட்டில் ஒருமுறை நிதானமாய் வாசித்துவிட்டு வாருங்கள். ஒருவன் தன்னைச் சோதித்தறியவேண்டும் என்கிறார் பவுல். சோதித்தறிந்தபின் அவன் என்ன செய்யவேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது? வீட்டுக்குப் போகச் சொல்லியா, அப்பத்தைப் புசிக்கச் சொல்லியா?

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்