நிறுத்திய இடம்தான் ஊர்

கோடை விடுமுறைக்கு ஆர்.வி. என்ற வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்து அமெரிக்கத் தேசியப் பூங்காக்களைச் சுற்றப் போவதாகச் சொல்லி யாராவது யோசனை கேட்டால், எந்தெந்தப் பூங்கா என்று நான் முதலில் கேட்பதில்லை. வண்டி எத்தனை அடி நீளம், ராத்திரி எங்கே நிறுத்துவீர்கள், ஓரிடத்தில் எத்தனை ராத்திரி இருப்பீர்கள் என்றுதான் கேட்கிறேன். இப்படிக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் என் அப்பாவும் அம்மாவும்.

ஊரிலிருந்து அவர்கள் வந்து எங்களோடு தங்குவதாக இருந்த கோடை அது. அப்பாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. அத்தனை மணி நேர விமானப் பயணத்தை இன்னொரு முறை இவர்களால் தாங்க முடியுமா, இதுதான் கடைசி வருகையோ என்ற பயம் எனக்கு. வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. சொல்லாத பயம், எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற வெறியாக மாறியது. சால்ட் லேக் சிட்டியில் வண்டி எடுத்து கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன், அங்கிருந்து வடக்கே 400 மைல் போய் மொன்டானாவில் கிளேசியர் என்று திட்டம் போட்டேன். கிட்டத்தட்ட ஒவ்வொரு ராத்திரியும் ஒரு புது இடம்.

ஆர்.வி.தான் என்று முடிவானது அம்மாவுக்காக. காரில் நெடுந்தூரம் என்றால் அவள் தண்ணீரே குடிக்க மாட்டாள். அடுத்த பாத்ரூம் எப்போது வருமோ என்ற கவலை. ஆர்.வி.யில் கழிப்பறை, அடுப்பு, கட்டில் எல்லாம் கூடவே வரும். ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் ‘கிளாஸ் சி’ வகை, 25 அடி நீளம். அதை ஓட்டச் சாதாரண கார் லைசென்ஸே போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் திட்டத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, “சரிம்மா, காலையில வண்டிய எடுக்கணும்னா என்னென்ன செய்யணும்?” என்றார்.

வாடகைக் கம்பெனி அனுப்பிய வீடியோவைப் பார்த்திருந்த என் கணவர் சொல்லிக்கொண்டே போனார். கரன்ட் கேபிளைக் கழற்றிச் சுருட்ட வேண்டும். தண்ணீர் ஹோஸ், கழிவுநீர் ஹோஸ் இரண்டையும் எடுத்து வைக்க வேண்டும். சக்கரத்துக்கு அடியில் கொடுத்த கட்டைகளை உருவ வேண்டும். பாத்திரம், பாட்டில், டப்பா எதுவும் வெளியே இருக்கக் கூடாது, முதல் திருப்பத்திலேயே உருண்டுவிடும். ஃபிரிட்ஜ் கதவைப் பூட்ட வேண்டும், கேஸை அடைக்க வேண்டும்...

“இருங்க மாப்பிள்ளை,” என்று அம்மாவின் குரல் பின்னாலிருந்து வந்தது. “தினமும் வீடு காலி பண்ற மாதிரியில்ல இருக்கு? நான் பால் காய்ச்சறது எப்ப, இவர் மாத்திரை போடறது எப்ப?”

அன்று ராத்திரி திட்டத்திலிருந்து கிளேசியரை எடுத்தேன். வலித்தது. அந்தப் பூங்காவின் உயிரே கோயிங் டு தி சன் என்ற மலைச்சாலை. 1933-இல் திறந்தது. அதன் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. எங்கள் 25 அடி வண்டி அவ்வளவு தூரம் போயும் அந்தச் சாலையில் ஏற முடியாது. யூட்டாவின் சையான் பூங்காவிலும் இதே கதைதான். 1930-இல் மலையைக் குடைந்து போட்ட சுரங்கச்சாலையில் பெரிய வண்டி தன் பாதைக்குள் அடங்காது. அந்தக் காலத்துக் கார்களை மனதில் வைத்துப் போட்ட சாலைகள் இவை. ஆர்.வி.யில் போகிறவர்கள் பூங்காவின் பெயருக்கு முன்னால் அதன் சாலை விதிகளைத்தான் படிக்க வேண்டும்.

கேம்ப்கிரவுண்டுக்கும் இதே விதிதான். முன்பதிவு செய்யும்போது ஒவ்வொரு தளத்துக்கும் இத்தனை அடி என்று ஒரு நீளம் போட்டிருக்கும். அதன் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. கார் பெருகிய 1920-களில் மக்கள் மரத்தடியில் இஷ்டத்துக்கு வண்டியை நிறுத்திக் கூடாரம் போட்டார்கள். அமெரிக்க வனத்துறையில் தாவர நோய் ஆய்வாளராக இருந்த எமிலியோ மைனெக்கே, கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரங்களை ஆராய்ந்தார். கார்களும் கால்களும் மண்ணை இறுக்கி வேர்களுக்குக் கேடு செய்வதை அவர் எடுத்துச் சொன்னார். 1932-இல் அவர் வகுத்த முறைதான் ஒருவழி வட்டச்சாலையும், அதிலிருந்து பக்கவாட்டில் பிரியும் சின்ன நிறுத்துமிடமும். இன்றைக்கும் பல பூங்காக்களில் நாம் வண்டியைப் பின்னால் தள்ளி நுழைப்பது அந்த அமைப்புக்குள்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, இரண்டு அடிதானே, சமாளித்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த இரண்டு அடியில் ஒரு மரத்தின் வேர் இருக்கிறது.

கோடைக்கான இடம் குளிர்காலத்திலேயே போய்விடும். பல பூங்காக்களில் ஆறு மாதத்துக்கு முன்பு முன்பதிவு திறக்கும். கரன்ட், தண்ணீர், கழிவுநீர் மூன்று இணைப்பும் உள்ள தளங்கள் சில அதற்கும் முன்பே. நாங்கள் இரண்டே இடம் பிடித்தோம்: கிராண்ட் டீட்டனில் கோல்டர் பே, யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ். இரண்டுக்கும் நடுவே 60 மைல் அளவுதான். ஒவ்வொன்றிலும் பல ராத்திரிகள். கிளேசியரை விட்டதில் மிச்சமான பெட்ரோல் காசையும் மைல் கட்டணத்தையும் ஒரு சின்ன காருக்கு வாடகையாகக் கொடுத்தோம். இந்த வகை ஆர்.வி. கேலனுக்கு எட்டு, பத்து மைல்தான் கொடுக்கும் என்பதால் கணக்கு ஏறக்குறைய சரியாக வந்தது. கணவர் ஆர்.வி.யை ஓட்ட, நான் காரில் பின்னால் போனேன். அந்தப் பயணத்தில் செய்த ஆகச்சிறந்த செலவு அந்தக் கார்தான். ஆர்.வி.க்கு அனுமதியில்லாத சிக்னல் மலையுச்சிக்கு அப்பாவை அதில்தான் கூட்டிப் போனேன்.

வழியிலும் ஒரு தேர்வு இருந்தது. ஜாக்சன் ஊருக்கு ஐடஹோ பக்கமிருந்து டீட்டன் கணவாய் வழியாக வரலாம். அதில் 10 சதவீதச் சரிவு, அதாவது 100 அடி போனால் 10 அடி இறங்கும். பாரவண்டியின் பிரேக்குக்கு அது கடும் சோதனை. மேப் என்ன சொன்னாலும் ஸ்நேக் ஆற்றங்கரையோரம் வரும் 89-ஆம் எண் சாலையிலேயே போவது என்று அப்பாதான் தீர்மானித்தார். ஊரில் இருந்தபடியே மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

கோல்டர் பேயில் வண்டியை நிறுத்தியதும் அவர் கேட்டது, “ரசமட்டம் இருக்கா?” வண்டி மட்டமாக நிற்காவிட்டால் கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் சரியாகக் குளிராது என்று படித்திருந்தேன். ஆனால் ரசமட்டம் கொண்டுபோகவில்லை. அவர் ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதி தண்ணீர் பிடித்து மேஜை மேல் வைத்தார், குனிந்து விளிம்பையும் நீர்மட்டத்தையும் பார்த்தார். “இடது முன்சக்கரம், ஒரு கட்டை.” கணவர் கட்டையைக் கொடுத்து வண்டியை ஏற்றினார். தம்ளர் மறுபடி வந்தது. “இன்னும் அரைக்கட்டை.” தண்ணீர் விளிம்புக்கு இணையாக நின்றதும் அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள்.

கழிவுநீர்த் தொட்டி விஷயத்தைப் பலர் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடுகிறார்கள். திட்டத்தில் அதற்கு ஓர் இடம் வேண்டும். கழிப்பறைக்கு ஒரு தொட்டி, குளியல் பாத்திரத் தண்ணீருக்கு இன்னொன்று. கையுறை போட்டு ஹோஸை மாட்டி, கழிப்பறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும். பிறகு மற்றதைத் திறந்தால் அந்தத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும். பாத்திரம் கழுவிய தண்ணீரை மண்ணில் ஊற்றக் கூடாது. இணைப்பில்லாத தளமென்றால் இதற்காகவே வண்டியைக் கிளப்பிக்கொண்டு டம்ப் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கும். அம்மாவை வைத்துக்கொண்டு நான் முழு இணைப்புத் தளத்துக்கு அடம்பிடித்தது இதனால்தான்.

ஃபிஷிங் பிரிட்ஜில் கூடாரத்துக்கு அனுமதி இல்லை. கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம். கெட்டியான சுவருள்ள வண்டிதான் நிற்கலாம். ஊறுகாய் பாட்டிலைக்கூட வெளியே வைத்துவிட்டு நகர முடியாது. அம்மா தாளித்தபோது கடுகு வெடித்து முடிவதற்குள் புகை அலாரம் அலறியது. ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்டுவிட்டு எண்ணெயைக் காயவைக்க அவள் இரண்டாம் நாளே பழகிவிட்டாள். ஏரி மட்டம் கடலுக்கு மேல் 7,700 அடிக்கும் அதிகம். ஜூலையிலும் ராத்திரி நடுங்கியது. மாடிப்படி ஏறினாற்போல் மூச்சு வாங்கியது. முதல் நாள் யாரையும் எங்கும் நடக்கவிடவில்லை. ஓரிடத்தில் பல நாள் இருந்ததால் அப்படி ஒரு நாளை விட முடிந்தது.

மற்ற நாட்களில் விடியும்போதே காரில் ஹேடன் பள்ளத்தாக்குக்குப் போனோம், பக்கத்திலேயே இருக்கிறது. பைசனிடமிருந்து 25 கஜம், கரடி, ஓநாயிடமிருந்து 100 கஜம் விலகியிருக்க வேண்டும் என்பது விதி. பைசன் அதைக் கேட்டிருக்கவில்லை, நடுச்சாலையில் நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். அடுத்த ஊர், அடுத்த முன்பதிவு, மணி என்ன என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காத்திருப்பில்தான் என் பயத்தை அப்பாவிடம் சொன்னேன். அவர் சாலையைப் பார்த்தபடியே, “அதுக்காகத்தான் இத்தனை ஊரு எழுதி வெச்சிருந்தியா? எங்களுக்கு உன்கூட இருக்கணும், அவ்வளவுதான்,” என்றார். பின்சீட்டிலிருந்து அம்மா, “முட்டி சரியா இருந்தா மறுபடி வரேன்னு நான்தான் சொன்னேனே,” என்றாள்.

இந்தக் கோடைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கிளேசியருக்குத்தான் போகிறோம், ஆர்.வி. இல்லாமல். அந்த மலைச்சாலை பனி நீங்கித் திறக்க ஜூன் கடைசியோ ஜூலை பாதியோ ஆகிவிடும் என்பதால் ஜூலை கடைசி வாரத்துக்கு, பூங்காவுக்கு வெளியே தரைத்தளத்தில் ஒரு கேபினைப் பேசி வைத்திருக்கிறேன். மேலே ஏற 1930-களின் சிவப்புப் பேருந்துகள் ஓடுகின்றன, கேன்வாஸ் கூரையைச் சுருட்டிவிட்டு வானத்தைப் பார்த்தபடி போகலாம். அதில் படி எத்தனை உயரம் என்று அம்மா கேட்டிருக்கிறாள். விசாரித்துச் சொல்ல வேண்டும்.