பொதிகையை நாம் அறிவோமா?

சங்கரன்கோவிலின் கரிசல் மண்ணில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் நீலக் கோடாய்த் தெரியும். அத்தொடரின் தென்பகுதியில் நிமிர்ந்து நிற்பதே பொதிகை எனும் அகத்தியமலை. தமிழ் பிறந்த மலை என்றும் தென்றலின் தாயகம் என்றும் அதனை வகுப்பறையில் பல்லாண்டுகளாக விளக்கி வருகின்றோம். ஆயினும் அதனை ஓர் ஏட்டுச் செய்தியாகவே கருதியிருந்தோம் என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

2001ஆம் ஆண்டில் நடுவண் அரசு அம்மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 2016 மார்ச்சில் பெரு நாட்டின் லிமா நகரில் கூடிய யுனெஸ்கோ மன்றம் அதனை உலகக் காப்பகங்களின் வரிசையில் சேர்த்தது. தமிழகமும் கேரளமும் பகிர்ந்துகொள்ளும் அதன் பரப்பு ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டர். ஆங்குள்ள 2,254 வகை உயர்தாவரங்களுள் ஏறத்தாழ 400 அம்மண்ணுக்கே உரியவை.

உயிர்க்கோளக் காப்பகம் என்பது மனிதரை விலக்கிக் காட்டைக் காப்பதன்று. நடுவில் தீண்டப்படாத கானகம், அதனைச் சூழ்ந்து இடைப்பகுதி, அதற்கும் அப்பால் மக்கள் வாழ்ந்து பயன்கொள்ளும் பகுதி என அது அமைகிறது. அம்மலையில் வாழும் காணிப் பழங்குடியினர் தந்த அறிவால் 'ஆரோக்கியப் பச்சை' எனும் மூலிகை 1987இல் அறிவியலாரின் கவனத்திற்கு வந்தது. அதிலிருந்து பிறந்த மருந்தின் வருவாயில் காணி மக்களுக்கும் பங்கு கிடைத்தது.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தபின் ஒருமுறை மாணாக்கருடன் பாபநாசம் சென்றோம். தாமிரபரணிக் கரையில் உண்டு மகிழ்ந்து புறப்பட்ட வேளையில் ஒரு மாணவர் மட்டும் திரும்பிச் சென்றார். நாம் விட்டுவந்த உணவுப் பொட்டலங்களையும் நெகிழிப் பைகளையும் குனிந்து பொறுக்கலானார். "விடுங்கள் தம்பி, நேரமாகிறது" என்றோம். "ஐயா, இந்தத் தண்ணீர்தானே நம் ஊர்க் குழாயிலும் வருகிறது?" என்றார் அவர். அன்று பாடம் கேட்டவர் நாமே. வாய் பேசாது, நாமும் குனிந்தோம்.

பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்று நம் இல்லங்களில் போற்றுவோம். உலகம் தந்த ஏற்பும் அத்தகையதே. பெற்ற ஏற்பைப் பத்தாண்டுக்கு ஒருமுறை யுனெஸ்கோ மறு ஆய்வு செய்கிறது. நம் வீட்டுக் குழாயோ நாள்தோறும் நம்மை ஆய்வு செய்கிறது. மலையைப் பாடிய தமிழுக்கு நாம் செய்யும் கைம்மாறு, அம்மலையைக் கெடாது அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பதேயாகும்.