கூடாரம் மாறும்போது திசை தேடுங்கள்

தியானப் பகுதி: ஆதியாகமம் 12:4-9, தானியேல் 6:10





ஆபிராமின் பயணத்தை வாசிக்கும்போது கூடாரமும் பலிபீடமும் திரும்பத் திரும்ப நம் கண்ணில் படுகின்றன. சீகேமில் ஒரு பலிபீடம் கட்டினார். பெத்தேலுக்கும் ஆயிக்கும் நடுவே கூடாரம் போட்டபோது அங்கும் ஒன்று கட்டினார். பின்பு எபிரோனில், மம்ரேயின் சமபூமியில் குடியேறியபோதும் அவ்வாறே செய்தார். கூடாரத்தைச் சுருட்டி எடுத்துச் செல்லலாம். பலிபீடத்தை எடுத்துச் செல்ல இயலாது. ஆகவே ஒவ்வொரு புதிய இடத்திலும் அதை மறுபடியும் கட்டவேண்டியிருந்தது.

இந்தச் சத்தியத்தை விளங்கிக்கொள்ள, இக்காலத்துக் கூடாரவாசிகள் சிலரிடம் உங்களை அழைத்துச் செல்கிறேன். ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளில் கேரவன் வண்டிகளோடும் கூடாரங்களோடும் மாதக்கணக்கில் பயணம் செய்வோர் அநேகர். அங்கே பல இடங்களில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அலைபேசித் தொடர்பே இராது. காட்டுத்தீ, புயல், வெள்ளம் பற்றிய செய்திகளை அறிவதற்கும், அன்றாட நிகழ்ச்சிகளைக் காண்பதற்கும் அவர்கள் ஒரு சிறிய டிஷ் ஆண்டெனாவை உடன் கொண்டுசெல்கின்றனர். தரைவழி ஒளிபரப்பு எட்டாத பகுதிகளுக்கென ‘வாஸ்ட்’ என்னும் செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சேவை அந்நாட்டில் உண்டு. எங்கள் சபையிலிருந்து பெர்த் நகருக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தாரோடு அத்தகைய பயணமொன்றில் சில நாட்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மாலைதோறும் அந்த வீட்டுத் தலைவர் டிஷ்ஷை நிறுத்தும் விதத்தை அருகிலிருந்து கவனித்தேன்.

அந்தச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே, ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில், 156 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிலைகொண்டிருக்கிறது. பூமி சுழலும் அதே வேகத்தில் அதுவும் சுற்றிவருவதால், தரையிலிருந்து நோக்குவோருக்கு அது அசையாமல் நிற்பதாகவே இருக்கும். ஆயினும் அதை நோக்கி நாம் திரும்பவேண்டிய திசை இடத்துக்கு இடம் மாறுகிறது. சிட்னியில் டிஷ் ஏறக்குறைய நேர் வடக்கே நோக்கவேண்டும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வடகிழக்கே. பெர்த்திலோ வடக்கிலிருந்து 58 பாகை அளவுக்குக் கிழக்கே திரும்பவேண்டும். சிட்னியில் சரியாக இருந்த கோணத்தை மாற்றாமல் பெர்த்தில் வைத்தால் திரையில் ஒன்றும் தெரியாது. செயற்கைக்கோள் இடம்பெயரவில்லை, கூடாரம் இடம்பெயர்ந்துவிட்டது.

அன்பானவர்களே, வேலையின் நிமித்தமும் படிப்பின் நிமித்தமும் திருமணத்தின் நிமித்தமும் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களை நான் ஆண்டுதோறும் ஜெபித்து வழியனுப்புகிறேன். சொந்த ஊரில் ஆலய மணியோசையும் பெற்றோரின் குடும்ப ஜெபமும் நம்மைத் தேவனுக்கு நேராக நிறுத்தியிருந்தன. புதிய ஊரில் அந்த மணி ஒலிப்பதில்லை. இரவுப்பணி செய்பவருக்கு அதிகாலை ஜெபவேளை வாய்ப்பதில்லை. பழைய கோணம் அங்கே உதவாது. அதே தேவனை நோக்க, புதிய நேரத்தையும் புதிய ஐக்கியத்தையும் தேடிக்கண்டுபிடிக்க வேண்டும். தானியேல் இதை அறிந்திருந்தார். அந்நிய தேசத்தில் சிறைப்பட்டுப்போகிறவர்கள் தங்கள் தேசத்துக்கும் இந்த ஆலயத்துக்கும் நேராகத் திரும்பி ஜெபித்தால் கேட்டருளும் என்று சாலொமோன் வேண்டிக்கொண்டிருந்தார் (1 இராஜாக்கள் 8:48). பாபிலோனில் தானியேலின் மேலறையில் எருசலேமுக்கு நேராகப் பலகணிகள் திறந்திருந்தன. நாளொன்றுக்கு மூன்று வேளை அங்கே முழங்கால்படியிட்டார்.

திசையைத் தேடுவதிலும் சில ஒழுங்குகள் உண்டு. முதலில், கொத்தனார் வைத்துப் பார்ப்பதுபோல ரசமட்டம் வைத்து முக்காலியின் தண்டைச் செங்குத்தாக்க வேண்டும். தண்டு சாய்ந்திருந்தால் அதன்மேல் குறித்துள்ள கோணம் யாவும் பொய்யாகும். திசைகாட்டியை வண்டியருகே பிடிக்கலாகாது. வண்டியின் இரும்பு முள்ளைத் தன் பக்கம் இழுத்துவிடும். வேதவசனம் என்னும் திசைகாட்டியைக் கையில் வைத்திருந்தும், நம் உடைமைகளுக்கு மிக அருகே நின்று வாசிப்பதால் வழிதவறுவோர் உண்டல்லவா?

மேலும், மரக்கிளைகள் அலைவரிசையைத் தடுக்கும். வெயிலுக்கு ஒதுங்க யாவரும் யூகலிப்டஸ் மர நிழலில் வண்டியை நிறுத்துவர். ஆனால் டிஷ்ஷோ வெட்டவெளியில் நிற்கவேண்டும். ஆகவே அவ்வீட்டார் வண்டியை நிழலில் விட்டு, கேபிளை நீட்டி, டிஷ்ஷைத் திறந்த வானத்தின்கீழ் கொண்டுபோய் வைத்தார்கள். தேவன் தரும் நிழலில் இளைப்பாறுவது பாவமன்று. எனினும், எந்த வசதியும் வானத்தை மறைக்காத ஓரிடம் நம் நாளில் இருக்கவேண்டும்.

திசை கிடைத்ததோடு வேலை முடிந்ததென்று நினைத்தேன். அந்தச் சகோதரரோ அதன் பின்புதான் அதிகம் உழைத்தார். முக்காலியின் ஒவ்வொரு காலையும் முளையடித்து இறுக்கினார். நடுவே இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டார். கயிறுகளை மூன்று பக்கமும் இழுத்துக் கட்டினார். பிள்ளைகளின் கால் தடுக்காதபடி கேபிளைத் தரையோடு பதித்தார். மணற்பாங்கான ஓரிடத்தில் முளைகள் சரியாகப் பிடிக்கவில்லை. அன்றிரவு காற்று பலமாய் அடித்தது. காலையில் பார்த்தபோது டிஷ் விழுந்திருக்கவில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒழுங்காகவே நின்றது. ஆனால் சற்றே திரும்பியிருந்தது. அத்தகைய சிறு டிஷ் இரண்டு மூன்று பாகை விலகினாலே போதும், திரை வெறுமையாகிவிடும்.

இங்கே நீங்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. பழைய காலத் தொலைக்காட்சியில் அலை குறையக் குறையப் படத்தில் புள்ளிகள் தோன்றி நம்மை எச்சரிக்கும். டிஜிட்டல் ஒளிபரப்பில் அப்படியல்ல. அலையின் வலு குறைந்துகொண்டே வந்தாலும் படம் தெளிவாகவே இருக்கும். ஓர் எல்லையைத் தாண்டியவுடன் உறைந்து, மறைந்துவிடும். திரையை மட்டும் பார்ப்பவர் அந்த நொடிவரை எல்லாம் நலமென்றே எண்ணுவார். வலுவைக் காட்டும் அளவியைப் பார்ப்பவரே முன்கூட்டி அறிவார். கர்த்தர் தன்னைவிட்டு விலகினதைச் சிம்சோன் அறியாதிருந்தான் என்று நியாயாதிபதிகள் 16-ஆம் அதிகாரம் கூறுவது எத்தனை பயங்கரமான செய்தி! வழக்கம்போல எழுந்து உதறிக்கொள்ளலாம் என்றே அவன் நினைத்தான்.

வெளிநாட்டில் பணிபுரியும் நம் வாலிபர் ஒருவர் ஓரிரவு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, நான் எதையும் மறுதலிக்கவில்லை. வேதாகமம் மேசைமேல்தான் இருக்கிறது. இன்று அம்மாவை அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றார்கள் என்று கேட்டதும் முழங்கால்படியிட்டேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை. எப்போது நின்றுபோனது என்றே எனக்குத் தெரியவில்லை” என்றார். அவருடைய விசுவாசம் கவிழ்ந்துவிடவில்லை, பிரியமானவர்களே, சற்றே திரும்பியிருந்தது. அன்றிரவு நான் அவருக்குப் போதிக்க முற்படவில்லை. 121-ஆம் சங்கீதத்தை இருவருமாய் வாசித்தோம். பின்பு அவருடைய தாயின் பெயரைச் சொல்லி, ஆளுக்கொரு வாக்கியம் ஜெபித்தோம். டிஷ்ஷைத் திருப்புகிறவரும் ஒரேயடியாய்ச் சுழற்றுவதில்லை. சிறிதளவு திருப்பி, சில நொடிகள் பொறுத்து, அளவி உயர்கிறதா என்று பார்த்தே மறுபடியும் திருப்புவார். அவசரப்படுகிறவர் சரியான இடத்தையும் தாண்டிப் போய்விடுவார்.

இத்தனை முயற்சியும் நம்முடையதென்றால் கிருபை எங்கே என்று ஒருவர் கேட்கலாம். அந்த டிஷ் எதையும் உண்டாக்குவதில்லை. ஒருவர் அதை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும், அலைகள் அந்தப் பாலைவெளியெங்கும் இரவும் பகலும் பொழிந்துகொண்டே இருக்கின்றன. டிஷ் அவற்றைப் பெற்றுக்கொள்கிறது, அவ்வளவே. நமக்கோ அதிலும் மேலான நற்செய்தி உண்டு. வார்த்தை மாம்சமானதைச் சொல்லும் யோவான் 1:14-இல், அவர் நமக்குள்ளே வாசம்பண்ணினதைக் குறிக்கும் கிரேக்க வினைச்சொல்லுக்குக் கூடாரமடித்தல் என்பதே அடிப்படைப் பொருள். உயரத்திலிருந்து பேசுகிற தேவன், நம் கூடாரங்களின் நடுவே தம் கூடாரத்தையும் அடித்தார். திசை தப்பினவரைத் தேடி வருகிறவர் அவரே.

இந்த வாரம் உங்கள் கூடாரம் எங்கே இருக்கிறது? புதிய ஊரிலா, புதிய பணியிலா, மருத்துவமனை வராந்தாவிலா? அங்கே ஜெபத்துக்கென ஒரு நேரத்தைக் குறியுங்கள். அருகிலுள்ள சபையொன்றில் உங்களை முளையடித்து நிறுத்துங்கள். காற்று அடிக்கும் முன்பே கயிறுகளை இறுக்குங்கள்.

ஜெபம்: மாறாத எங்கள் பிதாவே, நாங்கள் இடம்பெயர்ந்தாலும் நீர் நிலைத்திருக்கிறீர். நாங்கள் அறியாமலே விலகிய இடங்களை எங்களுக்குக் காண்பியும். தூர தேசங்களில் தனித்திருக்கும் எங்கள் பிள்ளைகளை உமக்கு நேராகத் திருப்பும். காற்றிலும் அசையாதபடி எங்களை உம்மில் உறுதிப்படுத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.