ஹவுராவில் இறங்கியதும் படகைப் பிடியுங்கள்

முதல் தடவை கொல்கத்தா போனபோது ஒரே நாளில் ஒன்பது இடம் பார்த்தேன். சுற்றுலா ஏற்பாடு செய்தவர் போட்டுக் கொடுத்த கணக்கு அது. விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு இருபது நிமிடம், காளிகாட் கோயிலுக்கு அரை மணி. காளிகாட்டில் வரிசை நகரவே இல்லை, வாசலோடு திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும், "ஊர் எப்படிடா இருக்கு?" என்று அம்மா கேட்டார். சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வருத்தம் வெகுநாள் இருந்தது.

மறுபடி போனபோது தனியாகப் போனேன், மூன்று நாள் இருந்தேன். அதிலிருந்து கொல்கத்தா கிளம்புகிற யாரைப் பார்த்தாலும் ஒன்றுதான் சொல்கிறேன்: ஹவுரா ஸ்டேஷனில் இறங்கியதும் டாக்ஸி தேடாதீர்கள். எதிரிலேயே படகுத்துறை. சில்லறைக் காசில் டிக்கெட். படகு ஹூக்ளி ஆற்றின் நடுவில் போகும்போது ஹவுரா பாலத்தை அண்ணாந்து பாருங்கள். 1943-இல் திறந்த பாலம். நட்டு, போல்ட் எதுவும் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்தே கோத்திருக்கிறார்கள். ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. 2024 மார்ச்சிலிருந்து ஆற்றுக்கு அடியில் மெட்ரோவும் ஓடுகிறது; ஒரு நிமிடத்துக்குள் அக்கரை. அதிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆனால் ஊருக்குள் நுழைவது ஆற்றின் மேலாகவே இருக்கட்டும்.

அக்கரையில் பாலத்தின் காலடியில் மல்லிக் காட் பூச்சந்தை. செண்டுமல்லிச் சரங்களை ஆள் உயரத்துக்குச் சேர்த்துக் கட்டித் தோளின் இருபுறமும் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார்கள். சுமப்பவரின் முகம் மட்டும்தான் வெளியே தெரிகிறது. கீழே மிதிபட்ட பூவும் சேறும் வழுக்கும், பிடிமானமுள்ள செருப்பு அவசியம். பின்னால் சுமைக்காரர் குரல் கேட்டால் உடனே ஒதுங்குங்கள். அவர் தோளில் இருப்பது அன்றைய கூலி, நம் கையில் இருப்பது கேமரா. வழி கேட்கவேண்டுமென்றால் "தாதா" என்று கூப்பிடுங்கள். நம் காதுக்கு அது ரவுடியைக் குறிக்கும் சொல், அங்கே அண்ணன். அப்படிக் கூப்பிட்டுக் கேட்டபோது, வேலையை நிறுத்திவிட்டு முக்கு வரை கூடவே வந்து வழி காட்டியவர்கள் உண்டு.

படித்துறை ஓரத்தில் மண்குவளையில் டீ. 'பார்' என்கிறார்கள். மெருகு பூசாத மண், அதனால் முதல் வாயில் மழை விழுந்த தரையின் வாசனை வரும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் போகிறவர்கள் குமார்துலியைத் தவறவிடக் கூடாது. துர்கா பூஜைக்குச் சிலை செய்கிற குயவர் தெரு. வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கி உடம்பு கட்டி, அதன்மேல் களிமண் அப்புகிறார்கள். தலையும் விரல்களும் தனி. ஒரு பட்டறை வாசலில் பலகை நிறைய அம்மனின் விரல்கள் மட்டும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அரை மணி அங்கேயே நின்றிருந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள்.

திங்கட்கிழமை இந்திய அருங்காட்சியகமும் விக்டோரியா மண்டபக் காட்சிக்கூடமும் விடுமுறை. ஞாயிறன்று காலேஜ் தெருவில் புத்தகக் கடைகள் பெரும்பாலும் திறப்பதில்லை. நாள் குறிக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இட்லி, காபி இல்லாமல் முடியாது என்றால் லேக் மார்க்கெட் பக்கம் போகலாம், தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழும் பகுதி அது. அதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. அதுவரை அந்த ஊர்ச் சோறும் மீன்குழம்பும் சாப்பிடுங்கள். குளிர்காலமென்றால் புதுப் பேரீச்ச வெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பு கிடைக்கும்.

கடைசியாக டிராம். 1873-இல் குதிரை இழுத்தது, 1902-இல் மின்சாரத்துக்கு மாறியது. சென்னையில் 1953-லேயே நிறுத்திவிட்டார்கள். அதில் ஏறியவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி. கொல்கத்தாவிலும் தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு சிறு தடத்தை மட்டும் நினைவுக்காக வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக 2024-இல் அரசே அறிவித்தது. கொல்கத்தா போகும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.